வேறு மருந்து இருக்கிறதா, டொக்டர்?

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடந்த சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்தோம். பேசினால் தண்டனையும் சேர்ந்துதான் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சேர்ந்தே பேசுகிறோம். எங்களில் ஒருத்திக்கு ரோசேசியா என்ற முகத்தோல் நோய். மற்றவள் கிளினிக்குக்குத் துணை போனவள். நோய் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு முகமே சொல்லும்.

நாற்பது வயதைக் கடந்த பிறகு தொடங்கியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடிப் பாலத்தால் நடந்து வந்தால் கன்னமும் மூக்கும் காந்தும். சுடச்சுடத் தேநீர் குடித்தால் காந்தும். உறைப்புக் கறி சாப்பிட்டாலும் அப்படித்தான். பிறகு பரு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகள். சூட்டு உடம்பு என்றார்கள், வேப்பங்குருத்து அரைத்துப் பூசச் சொன்னார்கள். மூக்குச் சிவந்ததைப் பார்த்து வேறு கதை கட்டியவர்களும் உண்டு. சாராயத்தை மணந்தும் பார்க்காத ஒரு ஆசிரியைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கலியாண வீடுகளுக்குப் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு தனியார் டிஸ்பென்சரியில் சின்னக் குழாய் ஒன்றில் கிறீம் கொடுத்தார்கள். ஒரு கிழமையில் முகம் பளிங்காகிவிட்டது. நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி பூசினோம். இப்படியே இரண்டு வருடம். அதில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் என்று குழாயில் பொடி எழுத்தில் இருந்ததை, படித்த நாங்கள் இருவரும் வாசிக்கவில்லை! ஸ்டீரொயிட் முகத்தில் நாட்கணக்காகப் பட்டால் தோல் மெலியும், சிவப்பு நாளங்கள் தெரியும், அந்த மருந்தே ரோசேசியாவை உண்டாக்கவும் கூட்டவும் செய்யும். இந்தியாவில் இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2018 இல் இப்படியான பூச்சுகள் 14 ஐ வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. முகம் வெளுக்க என்று நம் பிள்ளைகள் வாங்கும் குழாய்கள் சிலவற்றிலும் இதே சரக்கு இருக்கிறது.

மறுகா, கண்ணும் உறுத்தத் தொடங்கியது. வாவிக் காற்றில் மண் விழுந்திருக்கும் என்று நினைத்தோம்.

போன இடமெல்லாம் “ஒவ்வாமை” அல்லது “பரு” என்ற பெயர்தான். வைத்தியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர்கள் படித்த புத்தகங்களில் இந்த நோயின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில்தான். நம் நிறத்தில் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ மங்கலாகவோதான் தெரியும். பார்ப்பவருக்குத் தெரியாததை நாம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்தில் “இரிட்டேசன், டொக்டர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவோம். எரிவு, காந்தல், சுள்ளென்ற குத்தல், உறுத்தல் எல்லாவற்றையும் அந்த ஒரு ஆங்கிலச் சொல் விழுங்கிவிட்டது. மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். நாங்களோ எங்கள் முகம் எரிவதைக்கூடத் தமிழில் சொல்லக் கூச்சப்பட்டோம்.

கடைசியில் ஒரு கொப்பியை எடுத்து ஒரு பக்கம் எழுதினோம். எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, என்னென்ன பூசினோம், எத்தனை நாள், நிறுத்தியபோது என்ன நடந்தது, கண் எப்படி இருக்கிறது. மூன்று பழைய குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டோம். வாசலில் நோயாளி சொன்னாள்: “சும்மா இரு கா, டொக்டர் ஏசுவார். அவருக்குத் தெரியாததா?”

ஏசவில்லை. முதலில் முகத்தைச் சுளித்தார், உண்மை. பிறகு கொப்பியை வாசித்தார். குழாய்களைத் திருப்பிப் பார்த்தார். “கண்ணும் உறுத்துதா?” என்று அவரே கேட்டார். முகத்தில் சிவப்பு வந்தால் லூபஸ் என்ற நோயும் இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனை எழுதினார். அது இல்லை என்று வந்த அன்று இருவரும் அழுதோம்.

ஸ்டீரொயிட்டைக் குறைத்து நிறுத்தச் சொன்னார். அந்தக் கிழமைகள் மிக மோசம். முகம் வீங்கி வெந்தது. முன்பே சொல்லி வைத்ததால்தான் தாங்கினோம். பிறகு மெட்ரோனிடசோல் ஜெல். மூன்று மாதத்தில் கட்டிகள் பாதி வற்றின, காந்தல் போகவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் மருந்தையும் வைத்தியரையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். நாங்களும் வேறு டொக்டரிடம் போவோமா என்று கதைத்தோம். போகவில்லை. “மருந்து வேலை செய்யவில்லை” என்று சொல்வதை விட்டு, “கட்டி குறைந்திருக்கிறது, காந்தலும் கண்ணும் அப்படியே இருக்கின்றன, வேறு மருந்து இருக்கிறதா, டொக்டர்?” என்று கேட்டோம். அது அவருடைய அறிவைச் சந்தேகிக்கும் கேள்வி அல்ல என்பது அவர் பதில் சொன்ன விதத்தில் தெரிந்தது. கட்டிக்கு ஒரு மருந்து, சிவப்புக்கு வேறொன்று, கண்ணுக்கு இன்னொன்று என்று அப்போதுதான் விளங்கப்படுத்தினார். விரிந்து நிலைத்துவிட்ட நாளங்களுக்குக் கிறீம் உதவாது, லேசர்தான் என்றார்.

அசிலாயிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார். அது குத்தியது, சொன்னோம், மாற்றினார். பிறகு குறைந்த அளவில் டொக்ஸிசைக்கிளின். அந்த அளவில் அது கிருமியைக் கொல்வதற்கல்ல, அழற்சியைத் தணிப்பதற்காம். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்க்கக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வெயிலில் கவனம் தேவை. கண் கிளினிக்குக்கும் கடிதம் தந்தார். இளஞ்சூட்டுத் துணியால் இமைக்கு ஒத்தடம் கொடுக்கக் கற்றோம். கண்ணின் உறுத்தலைச் சும்மா விட்டிருந்தால் கருவிழியே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அங்கேதான் சொன்னார்கள்.

டொரன்டோவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஐவர்மெக்டின் கிறீம் அனுப்பினாள். அன்புக்கு நன்றி. ஆனால் அதை டொக்டரிடம் காட்டிய பிறகே திறந்தோம். இங்கே எல்லா மருந்தும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. 2022 இன் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதனால் ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் தங்கைமாரே, உங்கள் டொக்டர் நம் நிறத் தோலை அதிகம் பார்க்காதவராக இருக்கலாம். சிவப்புத் தெரிகிறதா என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போது, சூடாக இருக்கிறது, குத்துகிறது என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். முகம் காந்தும் நேரத்தில் எடுத்த படம் ஒன்றையும் காட்டுங்கள்.

நோய் முற்றாகப் போய்விடவில்லை, போகும் என்று எவரும் எங்களுக்குச் சொல்லவுமில்லை. இந்த வருடக் கச்சானிலும் காந்தியது. ஆனால் தை மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம், படமும் எடுத்தோம்.

கொப்பியைக் கொண்டு வந்திருக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் வாருங்கள். எங்களில் ஒருத்தியின் கோப்பையை மட்டும் ஆறவிட்டு வைக்கும்படி ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம்.