கொல்லிமலையில் ஒரு பல்லியம்

(சோளக்காட்டில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாரச் சந்தையில் பலாவும் அன்னாசியும் குவியும் இச்சோளக்காட்டில் நின்று இசையைப் பற்றிப் பேச வேண்டுமென்று பணித்தீர்கள். தேவாரப் பண்களுள் ஒன்றுக்குக் கொல்லி என்றே பெயர். திருவதிகையில் அப்பர் பெருமான் பாடிய முதற்பதிகம் அப்பண்ணில் அமைந்ததே. எனினும் இன்று நான் எடுத்துக்கொள்வது பண்ணை அன்று; பலர் கூடி இசைக்கும் பல்லியத்தை.

ஐரோப்பாவில் அரங்குகளுக்கு முன்பே அறையிசை வளர்ந்தது. நால்வர் ஐவர் ஒரு கூடத்தில் அமர்ந்து, கோலசைத்து நடத்துவோர் எவருமின்றி, ஒருவர் விழியை ஒருவர் நோக்கி வாசிப்பது அதன் இலக்கணம். இத்தகைய கூட்டிசை நமக்கு அயலானது, நம்முடையது தனிப் பாடகர் மரபே என்பார் உளர். அவர்களுக்கு விடை இம்மலையிலேயே இருக்கிறது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டை நினைவிற் கொள்ளுங்கள். பாடியவர் வன்பரணர், பாடப்பெற்றவன் வல்வில் ஓரி. காட்டு வழியில் வரும் பாணர் கூட்டம், ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் ஓரிதானோ என்னும் ஐயம் எழுகிறது. உடனே பாடவில்லை, முதலில் கருவிகளை ஒழுங்கு செய்கிறார்கள். முழவுக்கு மண் இடப்படுகிறது. யாழில் பண் நிறுத்தப்படுகிறது. யானைக் கை போன்ற தூம்பும், எல்லரியும், ஆகுளியும் ஆயத்தமாகின்றன. பதலையை வாசிப்பவனுக்கோ ஒரு தனிக் கட்டளை: அதன் ஒரு கண்ணை மட்டும் மெல்ல இயக்க வேண்டும்.

அன்பர்களே, அந்த ‘மெல்ல’ என்பதில்தான் என் மனம் தங்குகிறது. பெருங்கருவி அடங்கினால்தான் யாழின் நரம்பு கேட்கும். இன்றைய இசைக்குழுக்கள் பல நாள் ஒத்திகையில் தேடும் சமநிலையை, வன்பரணர் ஒரு சொல்லில் வைத்துவிட்டார்.

ஆயினும் பெருமை பேசும் ஆர்வத்தில் உண்மையை மீறலாகாது. மேலை அறையிசையில் பல மெட்டுகள் ஒரே வேளையில் இழைந்து செல்லும். நம் பல்லியம் ஒரு பண்ணையும் ஒரு தாளத்தையும் பலர் சேர்ந்து தாங்குவது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டுக்கும் பொதுவானது, பிறரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பண்பு.

இவ்விரு நெறிகளும் தமிழகத்தில் சந்தித்ததும் உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையில் வயலின் பயின்று அதனை நம் இசைக்கு ஆக்கினார். தீட்சிதரே மேலை மெட்டுகளுக்கு நோட்டுசுர சாகித்தியங்கள் இயற்றினார். 1993இல் வி. எஸ். நரசிம்மன் நிறுவிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட், இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்டு கர்நாடகக் கீர்த்தனைகளை நால்வர் இசையாக்கியது. கமகம் நெளிய வேண்டும். உடன் ஒலிக்கும் சுரங்களோ அதனோடு மோதலாகாது. அங்கே கூடுதலாக ஒலிப்பதைவிட, எங்கே அடங்குவது என்று அறிவதே அரிது.

மீண்டும் ஓரியிடம் வருவோம். மூவேழ் துறையும் முறையே முடித்துக் ‘கோ’ என விளித்தபோது, அது தன் பெயராதலின் அவன் நாணினான். புகழைக் கேட்டு நாணிய அவன், மான் இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவையையும் வழங்கினான். இசைத்தவர்கள் அடங்கி இசைத்தார்கள்; கேட்டவன் அடங்கிக் கேட்டான். அந்தச் சந்திப்பு நிறைவுற்றது இவ்விரண்டாலும்தான்.

கவிஞர் பெருமக்களே, இலக்கிய வட்டமும் ஒரு பல்லியமே. கவியரங்குகளில் நாம் காணும் குறை என்ன? தம் கவிதையைப் படித்து முடித்ததும் எழுந்து செல்வோர் மிகுதி. அடுத்தவர் கவிதைக்குச் செவி கொடுக்க ஆளில்லாத அவையில் முழவுகள் உண்டு, யாழ் இல்லை. பத்தாண்டுகள் ஒரு வட்டம் நிலைத்திருக்கிறதென்றால், பாடியவர்களோடு கேட்டிருந்தவர்களும் அதைத் தாங்கியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் மலரில் அச்சேறுவதில்லை. வன்பரணர் பெயர் நமக்குத் தெரியும். பதலையை மெல்ல இயக்கியவன் பெயர் தெரியாது. அவன் இல்லையேல் அந்தப் பாட்டு ஓரியின் செவியை எட்டியிராது.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தில் பாடும் நாவுகள் பெருகட்டும்; அவற்றினும் மிகுதியாகக் கேட்கும் செவிகள் பெருகட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.