பிசிக்ஸ் படிக்கிற பிள்ளைக்குத் தத்துவமும் வேண்டும்



பிளஸ் டூ முடித்த பிள்ளை "பிசிக்ஸ் எடுக்கிறேன்" என்றால் நம் திருப்பூர் அப்பா அரை மனதோடு தலையாட்டுவார். "தத்துவம் எடுக்கிறேன்" என்றால், "அதைப் படிச்சுப்போட்டு என்ன கண்ணு பண்ணுவே?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால், இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

சாயப்பட்டறை லேபுக்கு வாருங்கள். லைட் பாக்ஸுக்குள் பையர் ஓகே பண்ணிய ஷேடு ஒரு பக்கம், நாம் சாயமேற்றிய மாதிரித் துணியான லேப் டிப் மறுபக்கம். டி65 விளக்கில் இரண்டும் ஒன்று. டிஎல்84 போட்டால் ஒன்று லேசாகச் சிவப்படிக்கிறது. ஷேடு ரிஜெக்ட்! துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை, விளக்குதான் மாறியது. டி65 பகல் வெளிச்சத்துக்கு, டிஎல்84 ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு. இரண்டு சாயக் கலவைகள் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பினாலும், நம் கண்ணின் மூன்று வகைக் கூம்புச் செல்களையும் ஒரே அளவில் தூண்டினால் ஒரே நிறமாகத்தான் தெரியும். விளக்கு மாறினால் அந்தச் சமன் குலைந்துவிடும். இது பிசிக்ஸ் சொல்லும் பதில்.

சரிங்க, அந்தத் துணியின் உண்மையான நிறம் எது? நிறம் துணியில் இருக்கிறதா, வெளிச்சத்தில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எண்ணைத்தான் கொடுக்கும். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் மல்லுக்கட்டிய கேள்வி, நம் லேப் பையன் கையில் தினமும் கிடக்கிறது!

இது வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்காதீர்கள். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையைப் பாருங்கள். இளம்பெண் கேட்டால் சமயவாதிகள் தத்துவம் சொல்ல மாட்டார்கள் என்பதால், மணிமேகலை தவசி வேடத்தில் வஞ்சிக்குப் போகிறாள். அந்த வஞ்சி நம் பக்கத்துக் கரூர்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்கே ஆசீவக சமயவாதி அணுவைப் பற்றிச் சொல்கிறார்: அது புதிதாகப் பிறக்காது, ஒன்று இன்னொன்றுக்குள் புகாது, செறிந்தால் வயிரமாகும். கடைசியாகப் பூதவாதி, கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறார். மணிமேகலை விட்டாளா? உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். எலெக்ட்ரானைக் கண்ணால் காணாமலே நம்புகிற ஒவ்வொரு பிசிக்ஸ் மாணவியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

இனி, நம் சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றுக்கு வருவோம். சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது பிசிக்ஸ். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன விவசாயிக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது அறவியல். 2006-இல் உயர் நீதிமன்றம் சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றது. 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. உப்பைப் பிரிக்கும் வித்தை அன்றைக்கே தெரிந்ததுதான். ஆற்றுநீர் யாருக்குச் சொந்தம், செலவு யார் தலையில் என்ற கேள்விகளை நாம் தள்ளிப்போட்டதற்கு ஊரே வேலையிழந்து நின்றது.

ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியலும் தத்துவமும் ஒரே பட்டப்படிப்பாக இருக்கிறது. இங்கே சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், வசதியில்லாத நிலையில், உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த புத்தகங்கள் கையில் இருந்ததால்தான் தத்துவத்தை எடுத்தார். ஓசிப் புத்தகம் ஒரு குடியரசுத் தலைவரின் பாதையையே தீர்மானித்தது!

ஆகவே ஊர்ப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள். நம் கல்லூரிகளில் பிசிக்ஸ் மாணவருக்கு ஒரு தாளாவது தத்துவம் கிடைக்க வழி செய்யுங்கள். கல்லூரி நூலகத்துக்குத் தத்துவ நூல்கள் வாங்கிக் கொடுங்கள். தம்பிகளே, தங்கைகளே, கேள்வியை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.