கண் தெளிவாக விழுந்தால் படம் தெளிவு

(போட்டோ எடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கும் உறுப்பினர்களுக்கான பயிற்சி நாளில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று ஊரில் நடக்கிற விசேஷங்களுக்குப் போட்டோ எடுக்க நம்ம குழுப் பெண்கள் சிலர் முன்வந்திருக்கீங்க. சிலர் கடன் போட்டு கேமரா வாங்கியிருக்கீங்க. சிலர் கையில் இருக்கிற செல்போனை வைத்தே ஆரம்பிச்சிருக்கீங்க. இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். வீட்டுக்கு வெளியே, வெட்டவெளியில் ஒருத்தர் முகத்தை எடுக்கும்போது அது மங்காமல் கூர்மையாக விழ என்ன செய்யணும்?

இது ஏன் முக்கியம்? படம் கொஞ்சம் இருட்டாக விழுந்தால் பிறகு வெளிச்சம் கூட்டலாம். நிறம் மாறினால் சரி செய்யலாம். ஆனால் போகஸ் தவறிய முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இப்போது சில செயலிகள் மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தருது. அது படத்தில் இல்லாத இமையையும் புருவத்தையும் யூகித்துப் போடுகிற வேலை. பார்க்க அழகா இருக்கும், ஆனா அது நம்ம ஆத்தா முகமா இருக்காது.

இன்னொன்றும் நினைச்சுப் பாருங்க. நம்ம ஊர்களில் வயசான அம்மாக்கள் பலருக்கு வாக்காளர் அட்டையிலும் ஆதாரிலும் இருப்பதைத் தவிர வேறு நல்ல படம் கிடையாது. அவங்க போன பிறகு அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டு மாட்டுறாங்க. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவது புகைமூட்டமான ஒரு முகம். நீங்க ஒரு நல்ல படம் எடுத்துக் கொடுத்தால் அது அந்த வீட்டுச் சுவரில் இரண்டு தலைமுறை இருக்கும்.

சரி, படம் மங்குவது ஏன்? பெரும்பாலும் நாலு காரணம்தான். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே எது காரணம் என்று தெரிந்துவிடும்.

ஒன்று: முகம் மங்கல், பின்னால் இருக்கிற வாழை இலை தெளிவு. அப்படின்னா போகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கு. எதைப் பார்க்கணும் என்று நாம சொல்லாவிட்டால் கேமரா தன் இஷ்டத்துக்கு எதையாவது பிடிக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற கிளையைக்கூடப் பிடிக்கும். செல்போன் என்றால் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்க, ஒரு கட்டம் வரும். பல போன்களில் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஆனா பூட்டிய பிறகு நீங்களோ அவங்களோ முன்னே பின்னே நகரக்கூடாது. பெரிய கேமரா என்றால் ஒரே ஒரு போகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கண்ணில் வையுங்க. முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், நமக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணில் வையுங்க. பொத்தானைப் பாதி அழுத்தினால் போகஸ் பிடிக்கும், முழுசா அழுத்தினால் படம் விழும்.

பெரிய கேமராக்காரங்களுக்கு ஒரு கணக்கு. நம்மவங்க அதிகம் வாங்குகிற 50 மிமீ லென்ஸில் துளையை 1.8 என்று முழுசாகத் திறந்து, ஐந்து அடி தூரத்தில் ஒருத்தரை எடுக்கிறீங்க. ஆரம்பநிலை டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவில் தெளிவாக விழுகிற ஆழம் சுமார் 6, 7 சென்டிமீட்டர்தான், அதாவது நாலு விரற்கடை. மூக்கு நுனியில் இருந்து காது வரைக்கும் அதைவிட அதிகம். அவங்க பேசிக்கிட்டே கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் கண் தப்பிவிடும். அதே இடத்தில் துளையை 5.6க்குக் குறைத்தால் ஒரு சாண் அளவுக்கு ஆழம் கிடைக்கும். பழகும் வரைக்கும் 4, 5.6 என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு: படம் முழுக்க ஒரே திசையில் இழுத்த மாதிரி இருக்கு. நம்ம கை ஆடியிருக்கு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்க. தூணிலோ சுவரிலோ சாய்ந்து நில்லுங்க. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொண்டு, பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்க. கேமராவில் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்க. தூரத்தை இழுக்கிற 200 மிமீ லென்ஸ் என்றால் 1/400 வையுங்க.

மூன்று: சுவர் தெளிவு, ஆள் மட்டும் மங்கல். அவங்க அசைந்திருக்காங்க. வயசானவங்களை நிற்க வைத்தால் லேசாக ஆடுவாங்க, திண்ணையில் உட்கார வையுங்க. ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேகம் வேணும். அதற்கு வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்க. படம் கொஞ்சம் மணல் மணலாக விழும், பரவாயில்லை. அதில் முகம் தெரியும், அசைந்துபோன படத்தில் தெரியாது.

நான்கு: படம் முழுக்கப் பால் பூசின மாதிரி இருக்கு, வெளிச்சம் பரவித் தெரியுது. இது செல்போனில் ரொம்ப சகஜம். லென்ஸ் மேல் விரல் எண்ணெய், மாவு, வியர்வை. ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெத்துத் துணியால் துடைங்க. வயலில் இருந்து வந்த முந்தானையால் துடைக்காதீங்க, மண் துகள் கீறிவிடும்.

செல்போனில் இன்னும் இரண்டு எச்சரிக்கை. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீங்க, நாலு எட்டு நடந்து பக்கத்தில் போங்க. பின்னணியை மங்கலாக்குகிற வசதியில் போன் தானாகக் கணக்குப் போட்டு வெட்டுகிறது. தலையில் வைத்த பூவையும் ஜிமிக்கியையும் சில நேரம் சேர்த்தே மங்க வைத்துவிடும். அந்த வசதி இல்லாமலும் ஒரு படம் எடுத்து வையுங்க.

இடத்தையும் நேரத்தையும் பற்றிச் சொல்லணும். உச்சி வெயிலில் கண் குழி கறுத்துப்போகும், ஆளும் கண்ணைச் சுருக்குவாங்க. எங்கே போகஸ் வைப்பது? வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். தாழ்வாரத்தின் ஓரத்தில், வெளிச்சம் வருகிற பக்கம் பார்த்து உட்கார வையுங்க. இல்லையென்றால் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், அல்லது சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு எடுங்க.

இதெல்லாம் நமக்கு வருமா என்று யாரும் தயங்க வேண்டாம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர். சேலை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு, நேரு காலத்துத் தலைவர்களை எல்லாம் படம் எடுத்தார். 1970இல் தொழிலை விட்டுவிட்டார். தானாகப் போகஸ் பிடிக்கிற கேமரா கடைக்கு வந்தது 1977இல்தான். அப்படின்னா அவர் எடுத்த படம் எல்லாமே தூரத்தைக் கண்ணால் அளந்து, கையால் போகஸ் வைத்து எடுத்தது. 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அரிசி பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இந்தப் பதமும் வரும், பழக்கம்தான் வேணும்.

கடைசியாக ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்க. ஒருத்தரை ஒரு படத்தோடு விடாதீங்க, நாலு எடுங்க. அவங்க எழுந்து போவதற்கு முன்னாலேயே படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்க. சின்னத் திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும், குறை வெளியே தெரிவது பிரிண்ட் போட்ட பிறகுதான். அதற்குள் விசேஷம் முடிந்து, சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருப்பாங்க. இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால், "அம்மா, இன்னொண்ணு எடுத்துக்கறேன், உட்காருங்க" என்று தயங்காமல் சொல்லுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வேலை. உங்க தெருவிலேயே வயசில் மூத்த அம்மா ஒருத்தரிடம் சம்மதம் கேட்டு, அவங்க படத்தை எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொண்டுவாங்க. எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்து முடித்ததும் அந்தப் படத்தை அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்க.