மூன்றாம் அணியே முறை திருத்தும்

(மேல்சித்தாமூரில் நிகழ்த்திய உரை)



உண்மை ஒரு முகம் உடையதன்று. பல முகம் உடையது என்பது சமணச் சான்றோர் கொள்கை. தமிழ்ச் சமணர்தம் தலைமை மடம் அமைந்த இவ்வூரில் அதனை நினைவூட்டல் தகும். உண்மைக்கே பல முகம் இருக்க, நாட்டு நலனுக்கு மட்டும் இரண்டே முகங்கள். இவர் அல்லரேல் அவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

1967 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றப் பொதுத்தேர்தல் அனைத்திலும் வெற்றி இரு கழகங்களுள் ஒன்றற்கே சென்றது. மக்கள் விருப்பம் மட்டுமே இதற்குக் கரணியம் அன்று. தேர்தல் முறையும் கரணியமாம். தொகுதியில் முந்தியவர்க்கே முழு வெற்றி. எஞ்சிய ஒப்போலைகளுக்கு மதிப்பே இல்லை. 1967-இல் பேராயக் கட்சி 41 விழுக்காடு ஒப்போலை பெற்றும் 51 இடங்களே கொண்டது. சற்றே குறைவாகப் பெற்ற தி.மு.க. 137 இடங்களை வென்றது. 2021-இல் நாம் தமிழர் கட்சி 6 விழுக்காட்டிற்கு மேல் பெற்றும் ஓரிடமும் எய்தவில்லை. இத்தகைய முறை இரு கட்சிகளையே வளர்க்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிசு துவெர்சே 1951-இலேயே எடுத்துக்காட்டினார். தம்மை வளர்க்கும் முறையைத் தாமே திருத்த எவர் முன்வருவர்?

'தமிழ்நாடு' எனும் பெயர் வேண்டி 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் ஈந்தார். ஆண்ட கட்சி இணங்கிற்றில்லை. 1949-இல் தோன்றிய தி.மு.க. 1957-இல் 15, 1962-இல் 50 என வளர்ந்து, 1967-இல் ஆட்சி கொண்ட பின்னரே 1968-இல் இருமொழிக் கொள்கையும் 1969-இல் அப்பெயரும் வந்தன. புதுக்கட்சிக்கு இடும் ஒப்போலை வீண் என்று அன்று மக்கள் ஒதுக்கியிருப்பின், இவை எப்போது வந்திருக்கும்?

ஆயினும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1952-இல் 375 இடங்களுள் பேராயக் கட்சி வென்றவை 152. அப்போது தென்னார்க்காட்டில் வேரூன்றிய உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பெற்றிருந்தது. 1954-இல் அதன் தலைவர் இராமசாமிப் படையாட்சியார் காமராசர் அமைச்சரவையில் அமர்ந்தார், கட்சியோ கரைந்தது. அமைச்சர் இருக்கை கிடைத்தது. தேர்தல் முறை திருந்தவில்லை.

மூன்றாம் அணி ஒப்போலையைப் பிரித்துத் தீயவர்க்கே துணையாகும் என்பர். இன்றைய முறையில் அவ்விடர் உண்மையே. ஆதலின் முறையையே மாற்றுதல் வேண்டும். நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டிலும் மிகுதியான ஒப்போலை பெற்ற கட்சி தோற்றது. 1981-இல் 20 விழுக்காடு பெற்ற மூன்றாம் கட்சிக்கு 92-இல் இரண்டே இடங்கள். இம்முறைகேடு மக்களை உறுத்திற்று. 1993-இல் பொது ஒப்போலை வழியே முறையை மாற்றினர். 1996 முதல் ஒப்போலை அளவிற்கேற்ப இடம் பகிரப்படுகின்றது.

எனவே, பெருமக்களே! மூன்றாம் அணியென வருவாரிடம் எத்தனை இருக்கை கேட்பீர் என வினவாதீர். எம்முறையைத் திருத்துவீர் என வினவுங்கள். விடை கூறுவார்க்கே தோள் கொடுங்கள்!