ரிவர்ஸ் கேமரா காட்டும், பார்க்க வேண்டியது நாமதான்

இன்னைக்கு ரிவர்ஸ் கேமராவைப் பத்திப் பேசலாம். கார் வாங்கப் போறவங்க சிலர் "சென்சார்தான் இருக்கே, கேமரா எதுக்கு?"னு கேட்கிறாங்க. கேமரா இருந்தா திரும்பியே பார்க்க வேண்டாம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த எபிசோட்.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். பின் பம்பரில் சின்னச் சின்ன வட்டமா தெரியுமே, அதுதான். நம்ம காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். சுவர், பக்கத்து கார்னா கரெக்டா சொல்லிடும். மெல்லிய கம்பி, தரையோட தரையா கிடக்கிற கல் இதெல்லாம் தப்பிடலாம். பீப் அடிச்சாலும், பின்னாடி இருக்கிறது பூந்தொட்டியா, குழந்தையான்னு அதுக்குத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு அமெரிக்கா ஒரு இழப்பில் கத்துக்கிட்டது. 2002-ல் ஒரு அப்பா வீட்டு வாசலில் எஸ்.யூ.வி.யை ரிவர்ஸ் எடுத்தார். பின்னாடி வந்து நின்ன அவரோட 2 வயது மகன் இறந்துபோனான். கண்ணாடிகளைப் பார்த்துட்டுத்தான் எடுத்தார். ஆனா அவ்வளவு உயரமான வண்டிக்குப் பின்னாடி ஒட்டி நிக்கிற சின்னக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2014-ல் விதி, 2018 மே முதல் எல்லாப் புதிய கார்களிலும் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்கு ஓட்டுநருக்குத் தெரியணும். அந்த விதி வந்தப்போ அரசு சொன்ன கணக்குப்படி, இப்படிப்பட்ட விபத்துகளில் ஆண்டுக்கு சுமார் 210 பேர் இறந்தாங்க. அதில் 31 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அப்போ கேமரா வந்ததும் பிரச்சினை தீர்ந்துச்சா? அங்கே ஐ.ஐ.ஹெச்.எஸ். செய்த ஆய்வில், கேமராவால் ரிவர்ஸ் விபத்துகள் சுமார் 17 சதவீதம் குறைஞ்சது தெரிய வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா 17தான். ஏன்னா சாதாரண கேமரா படத்தைக் காட்டும், பிரேக் போடாது.

அதோட வரம்புகளும் நமக்குத் தெரியணும். அகலமா காட்டுற லென்ஸ் என்பதால், பொருள் இருக்கிறதைவிடத் தள்ளி இருக்கிற மாதிரி தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடெல்லாம் சமதளத்துக்குப் போட்ட கணக்கு. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் அதை அப்படியே நம்ப முடியாது. மழைக்காலத்தில் லென்ஸில் சேறு ஒட்டினா படமே மங்கிடும்.

அதனால நான் வெச்சிருக்கிற பழக்கம் இதுதான். ஏறுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்ப்பேன், லென்ஸைத் துடைப்பேன். வீட்டில் குழந்தைங்க இருந்தா, அவங்க யார் கையில் இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் ரிவர்ஸ் கியர். திரை, கண்ணாடி, தோள் பக்கம்னு மாத்தி மாத்திப் பார்த்து, நடக்கிற வேகத்தைவிட மெதுவா எடுப்பேன்.

இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது மக்களே. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.