இரும்பில் இருக்கும் முகவரி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனைப் பேசக் கூப்பிட்டால் ஏரியைப் பற்றியோ மாமல்லபுரத்தைப் பற்றியோதான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம், கடைசியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில்தான் கொண்டுபோய் விடுவேன்!

பழைய இங்கிலீஷ் டார்கெட் பிஸ்டல்களின் பூர்வீகத்தைத் தேடுவது என் பொழுதுபோக்கு. டார்கெட் பிஸ்டல் என்பது சண்டைக்கோ வேட்டைக்கோ செய்தது அல்ல. அட்டையில் போட்ட வட்டத்தின் நடுவில் குறி பார்த்துச் சுடுவதற்கென்றே செய்தது. குழல் நீளமாக இருக்கும். பல மாடல்களில் ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான். இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் துப்பாக்கி சுடும் போட்டிகள் பெரிய அளவில் நடந்து வருகின்றன.

சில வருடங்களுக்கு முன் மதுராந்தகம் பக்கம் ஒரு பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். லைசென்ஸோடு வைத்திருந்த ஒரு பிஸ்டலை எடுத்துக் காட்டினார். "தம்பி, வெள்ளைக்காரப் பட்டாளத்து துரை வேடந்தாங்கல் ஏரியில நாரை சுட்டது இதுலதான். கலெக்டர் பிளேஸ் துரை காலத்துச் சாமான். நீங்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தா நல்ல விலைக்கு எடுத்துக்கறேன்னு புரோக்கர் சொல்றாரு" என்றார். பேத்தியின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த லெட்டருக்கு என்ன மதிப்பு என்று எனக்கும் தெரியும்.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பழைய துப்பாக்கி தன் முகவரியைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும். குழலில் பொறித்த பெயர் செய்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். நம் மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்குப் பெயர் போனவர்கள். அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். அவற்றில் அவர்கள் பெயரைப் பார்க்கலாம். அடுத்தது சோதனை முத்திரை. இங்கிலாந்தில் அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்தின பிறகுதான் துப்பாக்கியை விற்க முடியும். லண்டனுக்கு ஒரு முத்திரை, பர்மிங்ஹாமுக்கு வேறு. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது. கிரீடத்தின் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தால் 1904க்குப் பிற்பட்டது. 'இங்கிலீஷ் தயாரிப்பு அல்ல' என்று இங்கிலீஷில் குத்தியிருந்தால், அது வெளிநாட்டுச் சரக்கு. 1925க்கும் 1955க்கும் இடையே சோதிக்கப்பட்டது. கடைசியாக வரிசை எண். கம்பெனியின் பழைய பேரேடு பிழைத்திருந்தால் அந்த எண் நம்மை நேராக அதில் கொண்டுபோய் விடும்.

பெரியவர் கொடுத்தது வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி 1909இல் கொண்டுவந்த மாடல், பாயிண்ட் டூ டூ தோட்டா. பர்மிங்ஹாம் முத்திரை கண்ணாடிபோலத் தெரிந்தது. பிளேஸ் துரை செங்கல்பட்டுச் சீமையில் கலெக்டராக இருந்தது 1794 முதல் 1798 வரை. அப்போது இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கேப் வைத்து வெடிப்பதற்கு அடிப்படையான பேடன்ட்டே 1807இல்தான் வந்தது. பாயிண்ட் டூ டூ தோட்டா அமெரிக்காவில் 1857இல் வந்தது. கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள்!

விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் முகம் வாடிவிட்டது. "அப்ப அந்தக் கதையே பொய்யா?" என்றார்.

கதை பொய்யில்லை ஐயா, துப்பாக்கிதான் வேறே என்றேன். பட்டாளத்துக்காரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டது உண்மை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் நெல்லுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்கு 1798இல் கவுல் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வேடர்கள் தங்கின ஊர் என்று பெயர்; அந்த ஊர்தான் வேட்டையை நிறுத்தியது! நான் பொய் லெட்டர் கொடுத்திருந்தால், அந்த ஊர் ஜனங்கள் பாடுபட்டுச் சம்பாதித்த சரித்திரத்தைப் புரோக்கரின் விலைச்சீட்டாக ஆக்கியிருப்பேன்.

பிறகு டிரங்குப் பெட்டியைத் தேடச் சொன்னேன். அவருடைய தகப்பனாரின் பழைய லைசென்ஸ் கிடைத்தது. அதிலிருந்த எண்ணும் பிஸ்டலில் இருந்த எண்ணும் ஒன்று! வாங்கியவர் அவர் தகப்பனார்தான். எந்த துரையும் இல்லை. புரோக்கர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. கல்யாணம் கொஞ்சம் கடன்பட்டுத்தான் நடந்தது, ஆனால் நன்றாக நடந்தது. பெரியவர் இன்று அந்தக் காகிதத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நூறு வயது ஆகிவிட்டால் லைசென்ஸ் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் விலக்கு அளிப்பது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் வாரிசுகள் பரணில் போட்டு வைக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு மனுப் போட வேண்டும். ஒப்படைக்கும் முன் பெயர், முத்திரை, எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

துப்பாக்கி மட்டுமல்ல, பாட்டி வீட்டுக் கடிகாரமோ, தாத்தாவின் தராசோ, எது இருந்தாலும் யார் வாங்கினார்கள், எப்போது, எங்கே என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். வேடந்தாங்கல்காரர்கள் காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள். அறுபது வருடம் கழித்தும் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். சீசனில் ஒருமுறை போய் அந்தப் பறவைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.