கல்லில் வெட்டிய சங்க விதிகள்

(வட்டார வள மையத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் கிரேக்க நகர அரசுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோருக்கு ஏதென்ஸ் மக்கள் சபையில் இடமில்லை என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "அப்போ வெளியூர்க்காரங்க எங்கே போய்ச் சாமி கும்பிட்டாங்க டீச்சர்? அவங்க செத்துப் போனா யாரு வருவாங்க?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கிரேக்க நகரங்களில் பெரிய கோயில்களையும் திருவிழாக்களையும் அரசே நடத்தியது. அதற்கு வெளியே, மக்கள் தாமாகக் கூடி அமைத்த வழிபாட்டுச் சங்கங்களும் ஏராளமாக இருந்தன. அவற்றைத் தியாசோஸ், எரனோஸ் என்றெல்லாம் அழைத்தார்கள். சந்தா, பொருளாளர், பூசாரி, மாதாந்திரக் கூட்டம், கூட்டு விருந்து எனச் சங்கத்துக்கு வேண்டிய அனைத்தும் அவற்றில் இருந்தன.

முதலில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குப் போவோம். அங்கே குடியேறிய வெளிநாட்டவர், அரசு தனியாக அனுமதி தந்தாலன்றி நிலம் வாங்க முடியாது. பொ.ஆ.மு. 333இல் சைப்ரஸ் தீவின் கிடியன் நகர வணிகர்கள், தங்கள் தெய்வமான அஃப்ரோடைட்டிக்குக் கோயில் கட்ட இடம் வாங்க அனுமதி கேட்டார்கள். எகிப்தியருக்கு ஐசிஸ் கோயில் கட்ட முன்பே அனுமதி தந்ததைச் சுட்டிக்காட்டி, மக்கள் சபை இவர்களுக்கும் அனுமதி தந்தது. சபையில் வாக்களிக்க உரிமை இல்லாதவர்கள், அதே சபையிடம் தங்கள் சாமிக்கு ஓர் இடம் கேட்டு வாங்கிவிட்டார்கள்!

ரோட்ஸ் தீவில் வெளிநாட்டவர் நிறைந்த சங்கங்கள் பல இருந்தன. தம் உறுப்பினர்களுக்கெனத் தனி இடுகாடு வைத்திருந்த சங்கங்களும் உண்டு. மாணவி கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது. உறவினர் எவரும் இல்லாத ஊரில் இறந்தவனுக்காகச் சங்கம் வந்தது.

இன்றைய துருக்கியில் இருந்த பிலதெல்பியாவில், டயோனிசியஸ் என்பவரின் வீட்டில் ஒரு வழிபாட்டுக் குழு கூடியது. ஆண், பெண், சுதந்திரர், அடிமை ஆகிய அனைவரும் அங்கே வரலாம் என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. வருபவர் யாராக இருந்தாலும், பிறருக்குத் தீங்கு செய்வதில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏதென்ஸில் கிடைத்த ஒரு கல்தூண். ரோமானியர் ஆட்சிக்காலமான பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டயோனிசஸ் கடவுளை வணங்கிய இயோபாக்கோய் என்னும் சங்கத்தின் விதிகளை அதில் முழுமையாக வெட்டியிருக்கிறார்கள். புதிதாகச் சேர நுழைவுக் கட்டணம் 50 தினாரி. உறுப்பினரின் மகனுக்கு 25. மாதந்தோறும் 9ஆம் நாள் கூட்டம். மதுவுக்கான மாதப் பங்கைக் கட்டாதவர் கூட்டத்துக்கு வர முடியாது. அடுத்தவர் இருக்கையில் உட்கார்ந்தாலோ ஒருவரை அடித்தாலோ அபராதம். அடிவாங்கியவர் சங்கத்தில் முறையிடாமல் நேரே நீதிமன்றம் போனால், அவருக்கும் அபராதம்! ஒழுங்கைக் கவனிக்க ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கலாட்டா செய்பவர் அருகே அவர் கடவுளின் கோலை வைத்தால், அந்த ஆள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால் வெளியேற்றுவதற்கு 'குதிரைகள்' என்ற பெயரில் சில ஆட்கள் இருந்தார்கள்.

உறுப்பினர் இறந்தால் 5 தினாரி மதிப்பில் மாலை வாங்கினார்கள். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு ஒரு ஜாடி மது. வராதவருக்கு அதில் பங்கில்லை.

நண்பர்களே, இச்சங்கங்களை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். 50 தினாரியை ஏழையால் கட்ட முடியாது. சங்கங்களுக்குள்ளும் மேல்கீழ் இருந்தது. பிலதெல்பியா வீட்டுக்குள் வழிபட வந்த அடிமை, வாசலைத் தாண்டியதும் மீண்டும் அடிமைதான். இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஆனால், உரிமை இல்லாதவர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நாம் கடந்துபோகும் மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. காசு சேர்த்தார்கள், விதி எழுதினார்கள், கூடி உண்டார்கள், தங்களவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த முறை இந்தப் பாடம் நடத்தும்போது அந்த விதிகளில் நான்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். "இந்த விதியை ஏன் போட்டிருப்பார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இருக்கைச் சண்டை பற்றிய விதியை விளக்க வேண்டிய தேவையே இருக்காது. அவர்களே விளக்கிவிடுவார்கள்.

அந்த மாணவிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பதில் சொன்னேன். தாமதமான பதில்தான். ஆனால், அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்விகள் கூடியிருக்கின்றன.